இடப்பக்கத்து ஒழுங்கை

இடது பக்கம் திரும்பச் சொல்வதற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. பரந்தன் சந்தி தாண்டியதும் ஜெயரூபி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்த்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம்தான், முள்ளை முறைத்துப் பார்த்தால் அது ஐம்பதாகிவிடாது. வெள்ளை வாகனம், கதவில் நிறுவனத்தின் நீலச் சின்னம், வலது பக்கத்தில் சாரதி யோகன் அண்ணை, இடது பக்கத்தில் ரூபி. பின் இருக்கையில் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் நிர்மலன், அவருக்குப் பக்கத்தில் நிதி தரும் நாட்டிலிருந்து வந்த இங்கர் என்ற பெண்மணி, இங்கரின் மடியில் ஒரு காகிதப் பை, பைக்குள் வண்ணப் பென்சில் பெட்டி. பென்சில் யாருக்கு? பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்திக்கு. அந்தப் பிள்ளையின் வீடு இந்த வாகனத்துக்குள் இருக்கிற நாலு பேரில் ரூபி ஒருத்திக்குத்தான் தெரியும். யோகன் அண்ணைக்குப் பெருவீதியிலிருந்து பிரிந்து போகிற ஒழுங்கை தெரியும், வீடு தெரியாது. எட்டு மாதமாக அவர் ஒழுங்கை முகப்பில், உழவு இயந்திரம் திருத்துகிற கொட்டிலுக்கு முன்னால் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். ரூபி குடையை விரித்துக்கொண்டு கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவள் மாதிரி நடந்துபோவாள். சின்னம் போட்ட வாகனம் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொன்ன மாதிரி. இந்தத் தொழிலில் முதலில் படிக்கவேண்டிய பாடம் அது. இன்றைக்கு வாகனம் வாசலுக்கே போகவேண்டுமாம். விருந்தாளியை வெயிலில் நடக்கவிடலாமா? கதை கேட்கிறவர்கள் ஊரின் பெயர் என்ன, பிள்ளையின் பெயர் என்ன என்று தேடவேண்டாம். சொல்வதாக இல்லை. ரூபி சொல்லாததை நாம் எதற்குச் சொல்லவேண்டும்.

அவள் எழுதித்தான் பார்த்தாள். ஒன்றல்ல, மூன்று மின்னஞ்சல். முதலாவது பணிவானது: நிறுவனத்தின் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, பக்கம் பதினொன்று, மூன்றாம் பந்தி, தயவுசெய்து பார்க்கவும். இரண்டாவது கொஞ்சம் காரமானது. மூன்றாவதில் 'இந்தச் சந்திப்பை நான் எதிர்க்கிறேன்' என்று தடித்த எழுத்தில் போட்டாள். மூன்றுக்கும் நிர்மலனிடமிருந்து ஒரே பதில்: இந்த விடயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு மிக்க நன்றி ரூபி. நன்றி. சுவரோடு கதைத்தால் சுவர் நன்றி சொல்வதில்லை, அந்த வகையில் சுவர் எவ்வளவோ மேல். பதினெட்டு வருடமாக இந்த வேலை. பெயர் அட்டையில் சிறுவர் பாதுகாப்பு நிபுணர் என்று இருக்கிறது. மூன்று நாடுகள், ஐந்து முகாம்கள், கூடாரத்துத் தூசி, கடைசியில் பிறந்த மண்ணுக்கே ஒரு பதவி. "இனி ஆறுதலா இருக்கலாம் அக்கா" என்றாள் தங்கை. ஆறுதல். நாக்கு தானாகப் போய்க் கடைவாயில் பல் பிடுங்கிய பள்ளத்தைத் தொட்டது. இரண்டு கிழமையாகியும் அங்கே அதற்கு என்ன வேலை என்று தெரியவில்லை. பல் பிடுங்கிய அன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது. இல்லை, அதற்கும் முந்தி. அவள் அந்தக் கதையை எழுதிய அன்றைக்கே தொடங்கிவிட்டது. வருட அறிக்கைக்கு ஒரு பிள்ளையின் கதை வேண்டும் என்றார்கள், ஒரு பக்கம், மனதைத் தொடுகிற மாதிரி. பெயரை மாற்றி, ஊரை மறைத்து, வயதைக்கூட ஒன்று குறைத்து எழுதினாள். மறைக்கவேண்டியதை எல்லாம் மறைத்தவள், கதையை நன்றாக எழுதித் தொலைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை முதல் மூன்று மாதமும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே இருந்ததும், நாலாம் மாதம் ஒருநாள் தானாக எழும்பி ஜன்னல் பக்கம் போய் இருந்ததும்... எழுதும்போது ரூபிக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததை இப்போது மறைத்து என்ன பயன். இங்கர் தன் குளிர் தேசத்தில் அதைப் படித்து அழுதாளாம். இந்தப் பிள்ளையை நான் பார்க்கவேண்டும் என்றாளாம். மொட்டையாக எழுதியிருந்தால் இந்த வாகனம் இந்த வீதிக்கு வந்தே இருக்காது.

கதையில் பெயர் இல்லை, ஆனால் நிறுவனத்தின் களஞ்சியப் பதிவில் இருந்தது. தாய்க்கு ஒரு தையல் மெசின் கொடுக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தவள் ரூபி. கோப்பு இலக்கத்துக்குப் பக்கத்தில் தாயின் பெயரையும் ஊரையும் எழுதிக் களஞ்சியத்துக்குக் கொடுத்தவளும் அவளேதான். பொருள் கொடுத்த அன்று அவள் பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். கந்தோரில் நிர்மலன் இருந்தார். தாயின் முன்னால் இரண்டு தாள் வைத்தார்கள். ஒன்று மெசினைப் பெற்றுக்கொண்டதற்கு, மற்றது பிள்ளையை விருந்தாளி சந்திப்பதற்குச் சம்மதம். ஒரே மேசை, ஒரே பேனை. தாய் இரண்டிலும் கையெழுத்து வைத்துவிட்டு மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். "தாயே சம்மதிச்சிட்டா ரூபி, இனி என்ன?" என்றார் நிர்மலன், கன்னம் வீங்கி வந்து நின்றவளிடம். இனி என்ன. அடுத்த நாளே குடையை எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை கோழிக்குஞ்சுகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தது. "பிள்ளையைப் பாக்க வெளிநாட்டிலையிருந்து ஒராள் வரப்போறாவாம். பிள்ளைக்கு விருப்பமோ?" என்று, உனக்குத் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிற குரலில் கேட்டாள். பிள்ளை நிமிர்ந்து ரூபியின் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் எங்காவது பதில் எழுதியிருக்கிறதா என்று தேடியது. "நீங்கள் சொன்னால் வரட்டும் மிஸ்." "நான் சொல்லுறது இருக்கட்டும். நீர் என்ன சொல்லுறீர்?" "ஓம் மிஸ். வரட்டும்." அந்த ஓம். இரண்டு கிழமையாக அந்த ஓம் தொண்டையில் மீன் முள் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கிறது, விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை. பிள்ளை ஓம் என்றால் ஓம்தானே? பிள்ளையின் குரலுக்கு மதிப்புக் கொடுங்கள் என்று தேசம் தேசமாகப் போய் வகுப்பெடுத்தவள் இல்லையா அவள்? வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்: அது சம்மதம் இல்லை, பழக்கம். பெரியவர்களின் முகத்தைப் பார்த்து, அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லி வளர்ந்த பிள்ளை. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதானே அந்தச் சந்திக் கடைக்காரன் அவளைக் கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டான்.

இல்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குப் பழக்கியது ரூபி என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐந்தாம் மாதம் தொடங்கினாள். ஒரு கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு, "இந்தக் கதிரை உம்மட கொப்பியைத் தா எண்டு கேக்குது. இல்லை எண்டு சொல்லும் பாப்பம்" என்றாள். பிள்ளைக்குச் சிரிப்பு. முதல் நாள் கதிரைக்குக்கூட இல்லை சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டது. அடுத்த கிழமை ஒரு முணுமுணுப்பு. அதற்கடுத்த கிழமை கொஞ்சம் சத்தம். ஏழாம் மாதம் ஒருநாள் சொன்ன 'இல்லை'யில் முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின, தாய் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். கோப்பில் அதை 'முன்னேற்றம்' என்று ஒரு சொல்லில் எழுதினாள், வேறு எப்படி எழுதுவது. கதிரைக்கு இல்லை சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லலாம், நீதிபதிக்கு முன்னால் அவனுடைய சட்டத்தரணிக்கும் சொல்லலாம். ரூபி மிஸ்ஸுக்கு எப்படிச் சொல்வது? அன்பு வைத்தவர்களுக்கு இல்லை சொல்ல ரூபி பழக்கவில்லையே. மறந்துபோனாளா? மறக்கவில்லை, அந்தப் பாடம் அவளுக்கே வராது. ஓம் எல்லாம் சம்மதம் இல்லை என்பதை மட்டும் எப்போதோ கண்டவள்: தூர தேசத்து முகாம் ஒன்றில் ஒரு சிறுமி கேள்வித்தாளின் இருபத்திரண்டு கேள்விக்கும் ஆம் என்றாள். பள்ளிக்கூடம் போகிறாயா, ஆம். போவதில்லையா, ஆம். இரவில் பயமா, ஆம். பயம் இல்லையா, ஆம். முடிந்ததும் கையை நீட்டினாள், சவர்க்காரத்துக்கு. கேள்வி கேட்கிறவர்கள் போகும்போது சவர்க்காரம் தருவார்கள் என்று முகாம் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தத் தாளை ரூபி அங்கேயே கிழித்தாள். கிழித்ததற்கு விளக்கம் கேட்டார்கள், விளக்கத்தையும் எழுதிக் கொடுத்தாள். அப்போது வயது இருபத்தொன்பது, பயம் என்றால் என்னவென்று தெரியாது. இப்போது நாற்பத்துமூன்று.

"பெரியவளாகி என்னவாக வர ஆசைப்படுகிறாள் அவள்?" இங்கர் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல குரல். ஆளும் நல்ல ஆள்தான், காலையில் கந்தோரில் தேநீர் கொண்டுவந்த அம்மாவிடம் பெயர் கேட்டு, சரியாக வரும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். கெட்டவர்களோடு சண்டை பிடிப்பது சுலபம். நல்ல மனதோடு பென்சில் பெட்டியும் கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது. "அதை அவள்தான் சொல்லவேண்டும்" என்றாள் ரூபி. நிர்மலனுக்குச் சந்தோசம், "பாருங்கள், நேரிலேயே கேட்டுவிடலாம்" என்றார் விருந்தாளியிடம். பிறகு தமிழுக்கு மாறினார். "இன்னும் எவ்வளவு நேரம் ரூபி?" "இருபத்தைஞ்சு நிமிசம் சேர்." "வாசல் மட்டும் வாகனம் போகும்தானே?" "போகும் சேர்." போகும். சொன்ன வாயைக் கிள்ளவேண்டும்போல் இருந்தது. போகும், ஏன் போகாது, அந்த ஊர் ஒழுங்கை வன்னியிலேயே நல்ல ஒழுங்கை. வாகனம் வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்பது நேரில் கண்ட மாதிரித் தெரியும். நாலு வீடு தள்ளிச் சந்தியில் அவனுடைய கடை. ஊரிலேயே பெரிய கடை, அவன் கோயில் பணத்துக்குப் பொறுப்பான தனாதிகாரியும்கூட. பிணையில் வந்து பழையபடி கல்லாவில் இருக்கிறான், ஊரும் பழையபடி அவனிடம்தான் சீனி வாங்குகிறது. "பாத்தியளோ, வெள்ளைக்காரி வந்து சாமான் குடுத்திட்டுப் போறா. பெட்டை ஏன் கதை கட்டினதெண்டு இப்ப விளங்குதோ?" என்பான். பின்னேரத்துக்குள் அது தண்ணீர்க் குழாயடிக்குப் போகும், அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும், வருகிற மாதம் பதினாலாம் திகதி மேல் நீதிமன்றத்துக்குப் போகும். சாட்சிக் கூண்டில் பிள்ளை. எதிரியின் சட்டத்தரணி மெதுவாக, அன்பாகக் கேட்பார். உம்மட வீட்டுக்கு வெளிநாட்டார் வந்ததோ? ஓம். பரிசு தந்தவையோ? ஓம். அம்மாவுக்கு மெசினும் கிடைச்சதோ? ஓம். எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லியே பிள்ளை தோற்றுப்போகும். நான் வரவில்லை என்று ரூபி காலையில் கந்தோரிலேயே இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் ஊரின் பெயரை வைத்துக்கொண்டு இவர்கள் போயிருப்பார்கள், வீடு எது என்று சந்திக் கடையில் கேட்டிருப்பார்கள். அவன் வெளியே வந்து விரல் நீட்டிக் காட்டியிருப்பான். அதற்காகத்தான் ஏறினாள்.

சோளகக் காற்று வயலில் கிடந்த வைக்கோலைக் கிளப்பி வீதிக்குக் குறுக்கே எறிந்தது. யோகன் அண்ணை கண்ணாடியை ஏற்றினார். ஏற்றியதும் வாகனத்துக்குள் இங்கரின் பூச்சு வாசம் நிறைந்தது, எலுமிச்சை மாதிரி ஒன்று, அந்த வாசத்தோடு ஏனோ சுவரொட்டியின் பசை வாசம் நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய சுவரொட்டி. பிள்ளைகளைக் காப்போம் என்று மேலே, உதவி இலக்கம் கீழே, நடுவில், அப்படி உதவி கேட்டு வந்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் படம். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள், கண்ணோ மூக்கோ தெரியாது. அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டவள் ரூபி. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்துக்குக் கீழே பார்க்கவில்லை. கீழே பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி இருந்தது, கடும் சிவப்பில் இரண்டு மஞ்சள் கோடு. அந்த மாவட்டத்தில் அந்தக் கழுத்துப்பட்டி கட்டுகிற பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்று. பட்டியில் மாணவத் தலைவியின் சின்னமும் குத்தியிருந்தது, அதைக் குத்துகிறவள் ஒருத்தியே ஒருத்தி. கொழும்பில் சுவரொட்டியை வடிவமைத்தவருக்கு அது தெரியாது. கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்த ரூபிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. மூன்றே நாளில் பஸ் நிலையத்துச் சுவரில் யாரோ பேனையால் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றது. பதினெட்டு முடிந்த கையோடு ஊரின் வாயை மூடக் கலியாணம் கட்டிக்கொடுத்தார்கள். போன வருடம் வவுனியா பஸ் நிலையத்தில், தோளில் குழந்தையோடு அவளே வந்து கையைப் பிடித்தாள். "மிஸ், சுகமா இருக்கிறியளோ? மெலிஞ்சு போனியள்." திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை, நீங்கள்தானே என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் குழந்தையின் கன்னத்தைக் காட்டி, "மிஸ்ஸுக்கு டாட்டா சொல்லு" என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல ரூபி வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

பத்து நிமிடம். பொய் ஒன்றும் தயாராக இருக்கிறது, நல்ல பொய். அந்த வீட்டில் அம்மாள் வருத்தம், வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது, பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். நிர்மலனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், கேட்டவுடன் வாகனத்தைத் திருப்பச் சொல்லுவார். ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை. விருந்தாளி பென்சில் பெட்டியை ரூபியிடம் கொடுத்துவிட்டு நாளைக்குப் பறந்துவிடுவாள். பிறகு? அம்மாள் வருத்தம் இரண்டு கிழமையில் மாறிவிடும், அடுத்த மாதம் வேறொரு விருந்தாளி வருவார், தாய் வைத்த கையெழுத்து அதே கோப்பில் அப்படியே இருக்கும். உண்மையைச் சொன்னாலோ, இங்கர் திரும்பிப்போய் என்ன எழுதுவாளோ. திட்டம் மார்கழியோடு முடிகிறது. தொடருமா இல்லையா என்று எழுதப்போகிறவள் அவள். ரூபியின் வேலை போனால் போகட்டும், நாற்பத்துமூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்ற யோசனையும் இருக்கட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழக்குத் தவணைக்குப் பிள்ளையோடு யார் போவது? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருத்தி, நீதிமன்ற வாசலில் அவன் நிற்கிற பக்கம் தெரியாதபடி குறுக்கே நடந்து, உள்ளே போவதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இதெல்லாம் யார் செய்வது? பிள்ளையைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவேனோ. ஒருவேளை இது வெறும் வீம்போ. பஸ் நிலையத்துச் சுவரில் செய்த பிழைக்கு இந்தப் பிள்ளையை வைத்துக் கழுவாய் தேடுகிறேனோ. பிள்ளை ஓம் என்றது, தாய் ஓம் என்றாள், பணிப்பாளர் ஓம் என்றார், நிதி தருகிறவள் ஓம் என்றாள். உலகமே ஓம் என்கிறபோது இல்லை என்கிற நீ யார் ரூபி? நாக்கு பள்ளத்தைத் தொட்டது. தொடாதே என்றாள் நாக்கிடம். நான் யாரா? எட்டு மாதம் அந்த வீட்டுக்குக் குடையோடு நடந்தவள். வேறு யார் வேண்டும்.

உழவு இயந்திரக் கொட்டில் தூரத்தில் தெரிந்தது. யோகன் அண்ணை வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார், இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டார். அது டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. ஒழுங்கை முகப்பு, வேலியோரம் ஒரு நாய், வளைந்து போகிற சிவப்பு மண். ரூபி வாயைத் திறந்தாள். "நேரை போங்கோ அண்ணை." யோகன் அண்ணை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. சமிக்ஞையை நிறுத்தினார், காலை அழுத்தினார், கொட்டில் பக்கவாட்டில் வந்து பின்னால் போனது. அவ்வளவுதான். பதினெட்டு வருட வேலையில் இதைவிடச் சின்னதாக அவள் ஒன்றும் செய்ததில்லை, இதைவிடப் பயந்ததும் இல்லை. "என்ன அண்ணை, சிக்னல் போட்டிட்டு நேரை போறியள்?" நிர்மலன் முன்னால் சாய்ந்தார். யோகன் அண்ணை உடனே, "வாய்க்கால் பக்கத்தாலை ஒழுங்கை உடைஞ்சு கிடக்குது சேர், வாகனம் இறங்காது. அங்காலை சுத்தித்தான் வரவேணும்" என்றார். கண் வீதியை விட்டு அசையவில்லை. இருபது வருடமாகச் சாரதி, எத்தனை விருந்தாளிகளை எத்தனை ஒழுங்கைகளில் இருந்து காப்பாற்றியிருப்பாரோ. நல்ல மனிதர், ரூபிக்கு ஒரு கூரை போட்டுத் தந்துவிட்டார். அதற்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஒதுங்குவதா வேண்டாமா என்று அவள் முடிவெடுப்பதற்குள் வாகனம் நின்றுவிட்டது. மாடுகள். முப்பது நாற்பது மாடு, வீதியை விலைக்கு வாங்கிய மாதிரி அசைந்து அசைந்து வந்தன. பள்ளிக்கூடம் விட்டு அரை மணித்தியாலம். பிள்ளை வீடு வந்து சேருகிற நேரம் பார்த்துத்தான் நிர்மலன் பயணத்தை வைத்திருந்தார். மாடுகளுக்கு நடுவால் வெள்ளைச் சட்டைகள், சைக்கிள்கள், நாலைந்து பெட்டைகள் காலை ஊன்றி ஊன்றி வாகனத்தின் இடது பக்கமாக வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் அந்தப் பிள்ளை. ரூபி முகத்தை நேரே வைத்துக்கொண்டாள். அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெளியில் கண்டால் ரூபி தெரிந்த மாதிரிக் காட்டமாட்டாள். பிள்ளை கதைத்தால் கதைப்பாள், கதைக்காவிட்டால் அவள் யாரோ இவள் யாரோ. கதைக்கிறதும் விடுகிறதும் பிள்ளையின் இஷ்டம். இதுவரை மூன்று தரம் வீதியில் கண்டிருக்கிறார்கள், மூன்று தரமும் பிள்ளை ஒன்றும் பேசாமல் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போகும். இப்போதும் பெருவிரல் மணியில் இருந்தது. ரூபியைக் கண்டது. கண்ணில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது, இங்கர் தலையை நீட்டி, "எவ்வளவு வடிவான பிள்ளைகள்" என்று கையசைத்தாள். மற்றப் பெட்டைகள் பாய் பாய் என்று கத்தினார்கள், ஒருத்தி வெட்கத்தில் சைக்கிளோடு மாட்டில் முட்டினாள். பிள்ளை இங்கரைப் பார்த்தது. நிர்மலனைப் பார்த்தது. திரும்பவும் ரூபியைப் பார்த்தது, ஒரு நொடி, அன்றைக்குக் கோழிக்குஞ்சுகளுக்கு நடுவில் நின்று பார்த்தது போலவே, ஆனால் இந்த முறை அவள் முகத்தில் பதில் ஒன்றையும் தேடவில்லை. பெருவிரலை மணியிலிருந்து எடுத்தது. ரூபி அந்த வாகனத்தில் இல்லாத மாதிரி, அந்த வாகனமே அந்த வீதியில் இல்லாத மாதிரி, தலையை நிமிர்த்திக்கொண்டு மிதித்துப் போனது. மணி அடிக்கவில்லை.

மாடுகள் போய் முடிந்தும் ரூபி பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டது. கதிரைக்கு அல்ல, அவனுக்கு அல்ல, ரூபி மிஸ்ஸுக்கு. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று நினைத்துக்கூட இருக்கலாம், வீட்டுக்குப் போய்த் தாயிடம் கோபிக்கலாம், அடுத்த கிழமை குடையோடு போனால் முகம் கொடுக்காமல் இருக்கலாம். இருக்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கோபிக்கட்டும். நோகத்தான் செய்தது, ஆனால் அந்த நோவுக்குப் பின்னாலேயே ஒரு சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது, கோழிகள் கலைந்து ஓடிய அன்றைக்குக்கூட அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளை வீதியில் நின்று சொன்னதை இந்த நிபுணர் குளிரூட்டிய வாகனத்துக்குள் இருந்து சொல்லமாட்டாளா? இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு முழுதாகப் பின்னால் திரும்பினாள்.

"ஒழுங்கை உடையேல்லை சேர். அண்ணை எனக்காகச் சொன்னவர். நான்தான் நேரை போகச் சொன்னனான்." ரூபி ஆங்கிலத்துக்கு மாறி, விருந்தாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: நான் உங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகப் போவதில்லை. இந்தச் சின்னம் போட்ட வாகனம் அந்த வாசலில் நின்றால், நீங்கள் ஒரு பரிசு கொடுத்தால், அடுத்த மாதம் நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளை விலைக்கு வாங்கப்பட்ட சாட்சி ஆகிவிடும். நீங்கள் படித்து அழுத கதையை எழுதியவள் நான், அதில் பிழை விட்டவளும் நான். "தாய் கையெழுத்து வைச்சவ ரூபி" என்றார் நிர்மலன். "மெசினுக்கு வைச்சவ சேர்." "இதைக் கந்தோரிலை கதைச்சிருக்கலாம்." "மூண்டு தரம் கதைச்சனான். நன்றி எண்டு பதில் போட்டியள்." இங்கர் காகிதப் பையின் வாயை மெதுவாக மடித்தாள். பிறகு, அவள் சுகமாக இருக்கிறாளா என்று கேட்டாள். "அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு அவள் அனுமதி தரவில்லை" என்றாள் ரூபி. இங்கர் தலையை ஆட்டினாள், விளங்கியதா வருந்தினாளா தெரியவில்லை. "அப்படியென்றால் திரும்பிப் போவோம்" என்றாள்.

நிர்மலன் நெற்றியைத் தடவினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர், அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். குரலைத் தணித்து, தமிழில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்: "ரூபி, இதுக்கு நான் மேலை ஏதாவது எழுதத்தான் வேணும். அண்ணை சொன்ன மாதிரி ஒழுங்கை உடைஞ்சு கிடந்தது எண்டு எழுதுறன். உங்களுக்கும் பிரச்சினையில்லை, எனக்கும் பிரச்சினையில்லை." யோகன் அண்ணை வாகனத்தை ஓரம்கட்டித் திருப்புவதற்கு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். "வேண்டாம் சேர்" என்றாள் ரூபி. "அப்பிடி எழுதினால் ஒழுங்கை திருத்தின உடனை திரும்ப வருவினம். என்ர பேரை எழுதுங்கோ. சிவசம்பு ஜெயரூபி கூட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டு சொன்னவ எண்டு எழுதுங்கோ. பிள்ளைக்குத்தான் கோப்பிலை இலக்கம். எனக்கு முழுப் பேரையும் போடுங்கோ." நிர்மலன் கைபேசியை எடுத்து எழுதத் தொடங்கினார். தகப்பன் பெயரில் ஒருதரம் நின்று நிமிர்ந்து பார்த்தார். அவள் திருப்பிச் சொன்னாள்.